குழி நிறைவதற்குள்

ஃபலேசி காதோரத்தில் சாக்பீஸ் செருகிக்கொண்டு வந்தாள். ஊர்ச் சுகாதாரக் குழுவில் அவளைச் சேர்த்த நாளிலிருந்து அந்தச் சாக்பீஸ் அங்கிருந்து இறங்கியதே இல்லை. வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் உலர்த்தும் மூங்கில் பரணைப் பார்ப்பாள். கை கழுவ, காலால் மிதித்தால் சாய்ந்து தண்ணீர் ஊற்றும் கேனை மிதித்துப் பார்ப்பாள். கடைசியில் கழிப்பறைக் கதவைத் திறந்து மூக்கை உள்ளே நீட்டுவாள். எல்லாம் சரியாக இருந்தால் கதவில் ஒரு குறி போடுவாள்.

தமந்தா வீட்டுக் கழிப்பறை வாசலில் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடியே தமந்தா, யாருடி இங்க குடித்தனம் பண்றது?"

"யாருமில்லையேக்கா."

"இந்தா, சிலந்தி. மேல இருந்து கீழ வரைக்கும் வலை கட்டி, பிள்ளை பெத்து, பேரன் பேத்தியும் எடுத்தாச்சு. இந்தக் கதவைத் தொறந்து எத்தனை மாசம் ஆச்சு?"

தமந்தா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை.

"இப்பத்தான் தெரியுது. விடிஞ்சும் விடியாம நெருப்பு வாங்குற சாக்குல என் வீட்டுக்கு வருவியே! நெருப்பை வாங்குறதுக்கு முன்னாடி எங்க வீட்டுப் பின்பக்கம் போயிட்டு வர்றதை நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். உன் வீட்டுல இவ்வளவு அழகா ஒண்ணு வச்சிக்கிட்டு, ஏழு பேர் முட்டி மோதுற எங்க கக்கூஸுக்கு எதுக்குடி வர்றே?"

"அது நிறைஞ்சிடக் கூடாதுக்கா."

 ஃபலேசி சாக்பீஸைக் காதிலிருந்து எடுத்து, குறி எதுவும் போடாமல், மறுபடியும் காதிலேயே செருகிக்கொண்டாள்.

எங்கள் டெட்சா மலைநாட்டுப் பக்கத்தில் கல்யாணம் ஆனவன் மனைவியின் ஊருக்கு வந்து வீடு கட்டுவான். அவன் முதலில் தோண்டவேண்டியது வீட்டுக்கான கடைக்கால் அல்ல, கழிப்பறைக் குழி. மாமியார் போகும் இடத்துக்கு மருமகன் போகக் கூடாது, மருமகன் போகும் இடத்துக்கு மாமியாரும் போகக் கூடாது. ஆகவே தமந்தாவைக் கட்டிய வைசன் வந்த முதல் வாரமே, அவள் அம்மா வீட்டுக்கு எதிர்ப்புறத்தில், முற்றத்தின் கடைசி மூலையில், தோளளவுக்குக் குழி தோண்டினான். அதைச் சுற்றிச் செங்கல் வளையம் வைத்தான். மேலே, நடுவில் துளை விட்ட வட்டமான சிமென்ட் பலகை. அதைச் சுற்றி எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய புல் தட்டிச் சுவர். உள்ளே ஒரு சட்டியில் சாம்பலும் மண்ணும், இன்னொரு கூடையில் காய்ந்த இலை. ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி. வாடையும் கிடையாது, ஈயும் கிடையாது.

அந்தக் குழி நிறைந்தபோது கல்யாணமாகிப் பதினாறு மாதம் ஆகியிருந்தது. இருவரும் பலகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து, பத்தடி தள்ளித் தோண்டியிருந்த புதுக் குழிக்கு அதைக் கொண்டு போனார்கள். பாதி வழியில் தமந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வைசன், "சிரிக்காதே, கால்ல போட்டுக்குவே" என்று அதட்டிவிட்டு அவனும் சிரித்தான். பழைய குழியை மண்ணால் மூடி, மழை வந்ததும் அதில் ஒரு மாங்கன்று வைத்தார்கள். அது இன்று கூரைக்கு மேலே நிற்கிறது.

இரண்டாவது குழியில் ஒரு மாதமே ஆகியிருந்தது, வைசன் ஜோனிக்குப் புறப்பட்டபோது. ஜோகன்னஸ்பர்க்கை யார் இங்கே முழுப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள்! பஸ்ஸுக்குக் கிளம்புகிற அன்று காலையில் அவன் ஒரு மூங்கில் குச்சியை எடுத்துப் பலகைத் துளைக்குள் விட்டுப் பார்த்து, அதன் மேல் முனையிலிருந்து ஒரு சாண் கீழே கத்தியால் வெட்டி அடையாளம் வைத்தான்.

"இது வரைக்கும் ஏறிச்சுன்னா குழி நிறைஞ்சதுன்னு அர்த்தம். அதுக்குள்ள வந்துடுவேன். இல்லேன்னா பலகையோட அந்தப் பக்கத்தை யார் புடிப்பா உனக்கு?"

"இதுல என்ன மரம் வைக்கலாம்?" என்றாள் தமந்தா, அழுகையை அடக்கிக்கொள்ள.

"பப்பாளி. வச்ச வருஷமே காய்க்கும். எனக்கு ரொம்பக் காத்திருக்க வராது."

"எனக்கு அவகாடோதான் வேணும். பத்து வருஷம் ஆனாலும் பரவாயில்லை."

"வந்து சண்டை போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

முதல் வருடம் வாரம் தவறாமல் பேசினான். இரண்டாவது வருடம் மாதத்துக்கு ஒரு தடவை. போன ஈஸ்டரோடு அவன் எண் அடங்கிப்போனது. அன்று தமந்தா குச்சியை விட்டுப் பார்த்தாள். அடையாளத்துக்கும் ஈரத்துக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது. வாக்குக் கொடுத்தவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அவன் வாக்குப் பொய்யாகிவிடாமல் அவளால் பார்த்துக்கொள்ள முடியும். அம்மாவுடைய கழிப்பறைக்குப் போனால் அம்மா காரணம் கேட்பாள் என்று, மறுநாள் விடியலிலிருந்து ஃபலேசி வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள்.

அவளுடைய ஏக்கம் இன்னதென்று அவளுக்குத் தெரியாமல் போனாலும் வாழைகளுக்குத் தெரிந்திருந்தது. குளிக்கும் தட்டி மறைப்பிலிருந்து வரும் தண்ணீருக்கு வைசன் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டியிருந்தான். உடைந்த செங்கல்லும் கூழாங்கல்லும் போட்டு, ஓரத்தில் நாணல் நட்டு, சோப்பு நுரையெல்லாம் அதிலேயே தங்கித் தெளிந்த தண்ணீர் மட்டும் வாழைக்குப் போகும்படி செய்தான். தினமும் அந்தியில் அவனுக்கு வெந்நீர் வைத்து வாளியை மறைப்புக்குள் கொண்டு வைப்பாள் தமந்தா. அவன் உள்ளே பாடிக்கொண்டே குளிப்பான். பாட்டு முடிவதற்குள் தண்ணீர் வாழை மூட்டுக்கு வந்துவிடும். அப்போது ஒவ்வொரு தாரும் தூக்க முடியாத அளவுக்குத் தொங்கியது. இப்போது ஒரு ஆள் குளிக்கும் தண்ணீர்தான். வாழைகள் மெலிந்து, ஓரம் கருகி நின்றன. இந்த வருடத் தாரில் நான்கே சீப்பு. அவள் எத்தனையோ நாள் ஒரு வாளிக்கு வெந்நீர் வைத்துவிட்டு, பழக்கத்தில் அடுப்பில் இன்னொரு பானையையும் ஏற்றிவிட்டு இறக்கியிருக்கிறாள்.

ஆகஸ்ட் காற்றில் அம்மாவின் கழிப்பறை மண்சுவர் விழுந்தது. அதை எடுத்துக் கட்டவேண்டியது வீட்டு மருமகன்தான். மறுநாளிலிருந்து அம்மா மூட்டு வலியோடு தேவாலயக் கழிப்பறை வரை நடந்து போய்வந்தாள். ஃபலேசி வீடு பக்கத்தில்தான். ஆனால் ஃபலேசி அம்மாவின் அக்காள் மகள், அவள் கணவனும் அம்மாவுக்கு மாப்பிள்ளை முறை. அங்கேயும் போக முடியாது.

தாய்மாமா இதைப் பார்க்கத்தான் வந்தார். எங்கள் வீடுகளில் ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கட்டிவைப்பதும் அவிழ்ப்பதும் தாய்மாமாவின் பொறுப்பு. அவர் முற்றத்து மூலையைக் கைத்தடியால் காட்டினார்.

"அங்க ஒண்ணு சும்மாத்தானே கெடக்கு. நீ எதுக்கு மலை ஏறி இறங்குறே?"

"அது மாப்பிள்ளையோடது" என்றாள் அம்மா.

"எந்த மாப்பிள்ளை? மூணாவது மழை வரப் போகுது. ஒரு சேதி உண்டா, ஒரு துண்டுத் துணி உண்டா?"

"நான் அந்தக் கதவுக்குள்ள கால் வச்சேன்னா அவர் எனக்கு மாப்பிள்ளை இல்லைன்னு ஆயிடும்ண்ணே. அதை நான் பண்ண மாட்டேன்."

மாமா பெருமூச்சு விட்டார். அவர் கெட்டவர் அல்ல. தமந்தாவின் தலையைத் தொட்டார். "உனக்கு இருபத்தேழு வயசும்மா. இப்படிக் கதவைக் காவல் காத்துக்கிட்டே கெழவியாகப் போறியா? முதல் மழை வரைக்கும் பாக்கறேன். மழை விழுந்த மறுநாள் உங்கம்மா அந்தக் கக்கூஸுக்குள்ள போவா. நான் அவன் பக்கத்துப் பெரியவங்களைப் பாத்து முடிச்சுட்டு வந்துடுவேன்."

 அண்ணன் முடிவு சொல்லிவிட்டால் அதற்கு மேல் அம்மாவுக்குப் பேச்சு இல்லை.

பத்து நாள் கழித்து ஸ்டாலிக் வந்தான். பக்கத்து ஊர்க்காரன், ஜோனியிலிருந்து முந்தின நாள் பஸ்ஸில் இறங்கியவன். தமந்தா அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் பாயில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"வைசனைப் பாத்தேங்க. நல்லாத்தான் இருக்கான். கொஞ்சம் இளைச்சிருக்கான். போன் பஸ்ஸுல களவு போயிடுச்சாம். உங்க நம்பர் அதுலதான் இருந்துச்சாம். இப்ப எங்கேயோ ஒரு பண்ணையில வேலை, டவுன்ல இருந்து ரொம்பத் தூரம்."

"என்ன சொல்லி அனுப்பினார்?"

ஸ்டாலிக் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். "அதாங்க எனக்கும் புரியலை. ஒரே ஒரு விஷயம்தான் கேட்டுட்டு வரச் சொன்னான். குழி எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு."

 மறக்கவில்லை. அவன் எதையும் மறக்கவில்லை.

"அப்புறம் கணக்கு ஒண்ணு சொன்னான். ரெண்டு பேருக்கு ஒண்ணரை வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மியாம். அப்போ ஒரு ஆளுக்கு மூணு வருஷத்துக்கு நெருக்கி வருமாம். அதனால அடுத்த கோடை வரைக்கும் டைம் இருக்குது, நாலு காசு கையில சேத்துக்கிட்டு வந்துடறேன்னு…"

"கணக்கா?" தமந்தா எழுந்து நின்றாள். "அங்க உக்காந்துக்கிட்டு கணக்குப் போடறாரா? என் வயித்தையா எண்ணிக்கிட்டு இருக்கார்?"

ஸ்டாலிக் சிரிப்பை மென்று விழுங்கினான். "வெள்ளிக்கிழமை என் தம்பி பஸ் ஏறுறான். அவனுக்கும் அதே பண்ணைதான். பதில் சொன்னீங்கன்னா…"

"நிறைஞ்சிடுச்சுன்னு சொல்லுங்க."

"அவ்வளவுதானா?"

"குழி நிறையப் போகுது, பலகையைப் புடிக்க ஆள் இல்லைன்னு சொல்லுங்க. முதல் மழைக்குள்ள."

அவன் போனதும் அவள் நேரே மூலைக்குப் போய்ச் சிலந்தி வலையை விளக்குமாற்றால் ஒதுக்கி, குச்சியைத் துளைக்குள் விட்டாள். எடுத்துப் பார்த்தவள் நம்பாமல் மறுபடியும் விட்டாள். ஏறியிருக்கவில்லை. இறங்கியிருந்தது. ஈஸ்டருக்கு ஒரு முழம் இருந்த இடத்தில் இப்போது இரண்டு முழம். துளைக்குள் குனிந்து பார்த்தாள். கரிய, உதிரியான மண். புழு நெளிந்தது. மழை பெய்த காட்டு வாசனை.

"அதுபாட்டுக்கு வெந்து மண்ணாயிருக்குடி" என்றாள் ஃபலேசி, பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்து. "மண்ணானா அமுங்கத்தானே செய்யும்? நீ இப்படியே பொத்திப் பொத்தி வச்சிருந்தா உன் தலை நரைச்சாலும் இது நிறையாது."

தமந்தா குச்சியைப் பிடித்தபடி நின்றாள். இத்தனை நாள் அவன் வாக்கைக் காப்பாற்றுவதாக நினைத்திருந்தாள். காப்பாற்றக் காப்பாற்ற அது தூரம் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"நிறைஞ்சிடுச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன்க்கா."

"அதுக்கென்ன, நாலு கூடை மண்ணைக் கொட்டு. தீந்துது."

"அது நிறையறது இல்லக்கா, மூடறது. செத்தவங்க குழியைத்தான் அப்படி மூடுவாங்க."

ஃபலேசி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கையை எடுத்தாள். அவள் கண்ணில் ஒரு குறும்பு ஏறியது.

"எங்க வீட்டுல ஏழு பேர் இருக்கோம்" என்றாள். "ஏழும் நல்லா சாப்பிடும்."

மறுநாள் காலையில் ஃபலேசியின் குடும்பம் வரிசையாக முற்றத்தைக் கடந்து போனது. ஃபலேசியின் கணவன் தொப்பியை எடுத்துத் தமந்தாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, ஏதோ விருந்துக்கு வந்தவன் மாதிரி உள்ளே போனான். பிள்ளைகள் ஐந்தும் யார் முதலில் என்று சண்டை போட்டன. வரும்போது ஒவ்வொருத்தரும் ஒரு பிடி சாம்பலும் ஒரு கை இலையும் போடவேண்டும் என்பது சட்டம். அதை மேற்பார்வையிட்டது ஃபலேசி. கதவில் பெரிதாகக் குறி போட்டதும் அவள்தான். ஃபலேசியின் கணவன் திரும்பிப் போனதும் அம்மா வெளியே வந்து தன் வாசலிலேயே உட்கார்ந்து பார்த்தாள்.

"ஊரே ஒத்தாசை பண்ணுது. என்னால மட்டும் ஒண்ணும் முடியலையே" என்றாள் ஒருநாள்.

"நீ போகாம இருக்கறதுதான்ம்மா பெரிய ஒத்தாசை" என்றாள் தமந்தா.

ஒவ்வொரு ஞாயிறும் குச்சி உள்ளே போனது. இரண்டு முழம், ஒன்றரை முழம், ஒரு முழம். செப்டம்பர் போய் அக்டோபர் வந்தது. பஸ் வரும் நாட்களில் அவள் காலையிலேயே தலை வாரிக்கொண்டாள். மாலையில் மெயின் ரோட்டிலிருந்து ஒற்றையடிப் பாதை திரும்பும் இடத்தை வேலை செய்தபடியே பார்த்தாள். யாராவது பையோடு திரும்பினால் அவள் கை நின்றுவிடும். அந்த நடை அவன் நடையில்லை என்று தெரிந்ததும் கை மறுபடியும் ஓடும். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியாது. போய்ச் சேர்ந்திருந்தால், அவன் நம்பினானா?

நவம்பர் கடைசியில், ஒரு புதன்கிழமை மத்தியானம், மலைக்குப் பின்னாலிருந்து இடி வந்தது. அரை மணி நேரம் பெய்தது. மண்வாசனையில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடின. தமந்தா மட்டும் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் மாமா வந்துவிட்டார், சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு, நல்ல காரியத்துக்கோ கெட்ட காரியத்துக்கோ போகிறவர் போல. அம்மா எழுந்தாள். மெதுவாக முற்றத்தைக் கடந்து, கழிப்பறைக் கதவருகே நின்றாள். தமந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

"குச்சி எங்கேடி?" என்றாள் அம்மா.

"என்னம்மா?"

"மாப்பிள்ளை வெட்டி வச்ச குச்சி. கொண்டா. நீயே உள்ளே போய் அளந்து பாத்துச் சொல்லு. நான் வாசல்லதான் நிக்கறேன்."

தமந்தா அளந்தாள். வெளியே வந்து காட்டினாள். ஈரத்துக்கும் அடையாளத்துக்கும் இடையே நான்கு விரல்.

"பாத்துக்கோண்ணே. நாலு விரல் இருக்கு" என்றாள் அம்மா. "அவர் மழையின்னா சொன்னார்? மழைக் கணக்கு நீ சொன்னது. அவர் குழி நிறையறதுக்குள்ளன்னுதான் சொன்னார்."

அண்ணன் முடிவு சொன்ன பிறகு அம்மா எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. மாமாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. குச்சியை வாங்கிப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். "நாலு விரலுக்கு எவ்வளவு நாளாகும்?" என்றார் கடைசியில்.

"எட்டு பேர் போனா ஒரு வாரம்" என்றாள் ஃபலேசி, வேலிக்கு அப்பாலிருந்து.

"சரி. அடுத்த வியாழன் வர்றேன். சாப்பாடாவது உண்டா, இல்லை அதையும் அளந்துதான் போடுவீங்களா?"

களியும் உசிபா மீன் கருவாடும் சாப்பிட்டுவிட்டு அவர் போனார். அவர் தலை மறைந்ததும் தமந்தா வேலியோரம் ஓடினாள்.

"அக்கா, நாளையிலேர்ந்து யாரும் வராதீங்க."

"என்னது?"

"நாலு விரல்தான் இருக்கு. அது அப்படியே இருக்கட்டும்."

"இதோ பாரு, பத்து வாரமா வா வான்னு கூப்பிட்டே. எங்க வீட்டுக் கக்கூஸ்ல கோழி அடை காக்குது இப்ப! திடீர்னு போ போன்னா ஏழு வயிறும் உன் பேச்சையா கேட்கும்?"

"கேட்கச் சொல்லுக்கா."

ஃபலேசி திட்டிக்கொண்டே கோழியை விரட்டப் போனாள்.

வெள்ளி போனது. சனி போனது. ஞாயிறு மாலையில் தமந்தா குளிக்க வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் இரண்டாவது பானையையும் அடுப்பில் ஏற்றிவிட்டிருந்தாள். இறக்கலாம் என்று கை நீட்டியபோது அம்மா தன் வாசலிலிருந்து எழுந்து, தலைத்துணியைச் சரிசெய்தபடி வேகமாக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதைப் பார்த்தாள். மாப்பிள்ளை முற்றத்துக்கு வந்தால் மட்டுமே அம்மா அப்படிப் போவாள்.

வைசன் மாமரத்தின் அருகே நின்றிருந்தான். தோளில் ஒரே ஒரு பை. கன்னம் ஒட்டியிருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யார் அது?" என்றான்.

"எது யாரு?"

"நிறைஞ்சிடுச்சுன்னு சொல்லி அனுப்பியிருந்தே. போன வாரம்தான் சேதி என் கைக்கு வந்துச்சு. ஒரு ஆளுக்கு அதுக்குள்ள நிறையாது. நீ பொய் சொல்ற ஆளும் இல்லை. சம்பளத்தைக்கூட வாங்காம ஓடி வந்தேன், பஸ்ஸுல மூணு நாளும் கணக்குப் போட்டுக்கிட்டே வந்தேன்." அவன் தோள் பையைக்கூட இறக்கவில்லை. "யார் அந்த ரெண்டாவது ஆள்?"

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும், இரண்டு வருடமாக உள்ளே கட்டிக்கிடந்த ஏதோ ஒன்று சிரிப்பாக வெளியே வந்தது. சிரித்துச் சிரித்து அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ரெண்டாவது ஆளா? ஏழு பேருங்க. ஃபலேசி அக்கா வீடு முழுக்க. அவங்க வீட்டுக்காரர் தொப்பியைக் கழட்டி வணக்கம் வச்சிட்டுத்தான் உள்ளே போவார்."

 வேலிக்கு அப்பாலிருந்து ஃபலேசியின் சத்தம் வந்தது. "வந்துட்டீங்களா தம்பி? அப்போ நாளைக்குக் காலையில நாங்க வரலாமா, வேண்டாமா? பிள்ளைங்க கேட்குது!"

"வேண்டாம்" என்றான் அவன். பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இருவரும் தொட்டுக்கொள்ளவில்லை. முற்றம் திறந்து கிடந்தது, அம்மா கதவுக்குப் பின்னால்தான் இருப்பாள். அவன் உள்ளங்கைகள் காய்த்துப்போயிருந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கையில ஒண்ணும் இல்லாம வந்திருக்கேன், தமந்தா."

"பலகை புடிக்க ரெண்டு கை போதும்."

"எவ்வளவு இருக்கு இன்னும்?"

"நாலு விரல்."

அவன் நீளமாக மூச்சு விட்டான். "அப்போ நேரத்துக்குத்தான் வந்திருக்கேன். நாளைக்குப் புதுக் குழி தோண்டறேன். முதல்ல அத்தையோட சுவரைக் கட்டணும். அதுல…" என்று மூலையைக் காட்டினான். "நீ கேட்ட அவகாடோவே வச்சிடலாம்."

"வேண்டாம். பப்பாளி வைங்க." அவள் எழுந்து பானையை இறக்கினாள். "எனக்கும் இனிமே ரொம்பக் காத்திருக்க வராது."

வெந்நீரை வாளியில் ஊற்றிக் கையை விட்டுச் சூடு பார்த்தாள். மறைப்புக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே வந்து நாணல் ஓரமாக நின்றாள். அவன் உடனே பாடவில்லை. வெகு நேரம் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, மறந்துபோன பாட்டைத் தேடுவதுபோல் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்ல ஆரம்பித்தான். பாட்டு பாதி வந்தபோது கூழாங்கல்லுக்குள்ளிருந்து தண்ணீர் தெளிந்து வெளியேறியது. வாழை மூட்டுக்கு வந்து, அங்கே ஏற்கெனவே இருந்த அவளுடைய நேற்றைய ஒரு வாளி ஈரத்தையும் தாண்டி, காய்ந்துகிடந்த கடைசிக் கன்று வரைக்கும் போனது.